தியாகு அண்ணை எண்ணிய வாக்குகள்

வெறும் வாக்குப்பெட்டிக்குள் தோள்வரை கையை விட்டு, நான்கு மூலைகளையும் தடவிப் பார்க்கிறார் தியாகு அண்ணை. பெட்டிக்குள் ஒன்றுமில்லை என்று வாக்குச்சாவடித் தலைவி திருமதி கெர்லாக் எல்லோருக்கும் சரித்துக் காட்டி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "கண்ணால பாக்கிறது வேற, கையால பாக்கிறது வேற தம்பி" என்று எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, அவரிடம் ஜெர்மன் மொழியில் "சரி" என்கிறார். பிறகுதான் பெட்டியைப் பூட்ட விடுகிறார்.

பிராங்பேர்ட்டின் மேற்கு ஓரத்தில், எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்திலுள்ள ஆரம்பப் பள்ளியில் எந்தத் தேர்தல் நடந்தாலும் அவர் தொண்டராக நிற்பார். நானும் நிற்பேன். கேட்டார்கள், மறுக்கத் தெரியாமல் சேர்ந்தவன் நான். அவர் காவலுக்கென்று சேர்ந்தவர். யாழ்ப்பாணத்தில் முதன்முதலாக வாக்களிக்கப் போன நாளில், அவருடைய பெயரில் ஏற்கனவே கோடு இழுத்திருந்ததாம். "உம்மட வோட்டு போட்டாச்சு, வீட்ட போம்" என்று அனுப்பிவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அறுபது வயதை நெருங்கும் அந்த முகத்தில் இன்றைக்கும் ஒரு சிவப்பு ஏறும்.

விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைத் திரையில் ஊடுருவிப் பார்ப்பது அவருடைய வேலை. அந்தப் பார்வையை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். கடிதம் வந்தால் பிரிக்குமுன் வெளிச்சத்தில் பிடிப்பார். வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்தை வேறு மருந்துக்கடையில் விசாரித்த பிறகே விழுங்குவார். வாக்களிக்கத் தன் பேனையைத்தான் கொண்டு போவார். "பென்சில் வச்சிருக்கிறாங்கள். ஏன் பென்சில்?"

வில்லங்கம் தொடங்கியது இரண்டு தேர்தல்களுக்கு இடையில். 2024 ஜூனில் ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கு வாக்கெடுப்பு. மேசைக்கு வெளியே தொங்கும் அளவுக்கு நீளமான தாளில் முப்பதுக்கும் மேற்பட்ட கட்சிகள். பாதிச் சனம் வரவேயில்லை. வந்தவர்களில் இருபத்து மூன்று பேர் மிருகங்களுக்காகப் பேசும் சின்னக் கட்சிக்குப் போட்டிருந்தார்கள். எட்டு மாதம் கழித்து, பெப்ரவரியில், ஜெர்மன் பாராளுமன்றத் தேர்தல். வாசலில் வரிசை குறையவேயில்லை. ஆனால் எண்ணியபோது அந்தக் கட்சிக்கு ஆறே ஆறு.

தியாகு அண்ணை இரண்டு எண்ணிக்கைகளையும் ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தார். "அதே தெரு, அதே சனம். கூடச் சனம் வந்திருக்கு. வோட்டு மட்டும் எப்பிடிக் குறையும்?" திருமதி கெர்லாக்கிடம் கேட்டே விட்டார். "ஐரோப்பியத் தேர்தல் என்றால் மக்கள் அப்படித்தான் போடுவார்கள்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்தச் சிரிப்புத்தான் வினையாயிற்று. எண்ணும்போது திருமதி கெர்லாக் ஒரு கட்டு வாக்குத்தாள்களை ஜன்னலோர மேசைக்குக் கொண்டுபோனது தியாகு அண்ணைக்கு நினைவுக்கு வந்தது. மூக்குக்கண்ணாடியை மறந்து வந்ததால் வெளிச்சமான மேசைக்குப் போனார் என்று நான் சொன்னேன்.

"கண்ணாடியாம்! நாற்பது வருசம் ரீச்சராய் இருந்த மனிசி கண்ணாடியை மறப்பாவே?"

இரண்டு கிழமை கழித்து என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, சமையலறை மேசையில் இருத்தினார். தேர்தல் முடிவை எதிர்த்து ஒரு முறைப்பாடு எழுதியிருந்தார். மூன்று பக்கம். திருமதி கெர்லாக்கின் பெயர் ஐந்து இடங்களில் இருந்தது. அதிலுள்ள ஜெர்மன் சரியா என்று நான் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஓய்வுபெற்ற பிறகும் தேர்தலுக்கென்று ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்து வரும் அந்த மனுஷிக்கு அவர் கள்ளி என்று பட்டம் கட்டியிருந்தார்.

அவருடைய மனைவி புஸ்பவதி அக்கா தேத்தண்ணியோடு வந்தார். விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சமையற்கூடத்தில் வேலை பார்ப்பவர். அதிகம் பேசாதவர். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று என்னிடம்தான் கேட்டார். சொன்னேன். தட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

"இஞ்சேருங்கோ, அந்த இருபத்து மூண்டில ஒண்டு நான்."

தியாகு அண்ணைக்கு முதலில் விளங்கவில்லை.

"ஜூனில நான் அதுக்குத்தான் போட்டனான். பதினொரு வருசமா கோழி வெட்டுறன். ஒரு நாளைக்கெண்டாலும் அதுகளுக்கு ஒண்டு செய்வம் எண்டு நினைச்சன்."

"பிறகு பெப்ரவரியில?"

"பெரிய கட்சிக்கு. நீங்கள் சொன்னதுக்குத்தான்."

"ஏன் மாத்தினனீ?"

"பயத்தில." அக்கா தயங்காமல் சொன்னார். "இஞ்ச ஆர் வந்தா எங்களைத் திருப்பி அனுப்புவினமோ, வாடகை என்னாகுமோ எண்டு யோசிச்சுப் போடவேணும். அஞ்சு வீதம் எடுக்காத கட்சிக்கு இஞ்ச பாராளுமன்றத்தில இடமில்லை, சின்னக் கட்சிக்குப் போட்டால் வோட்டு வீண். ஐரோப்பாத் தேர்தல் அப்பிடியில்லை. அதில ஆர் வெண்டாலும் நாளைக்கே எங்கட கதவைத் தட்டமாட்டினம். அதால ஆசைக்குப் போட்டன். கீழ்வீட்டு சுலோஜனாவும் அப்பிடித்தான். அந்த ரீச்சர் மனிசி பாவம், விடுங்கோ."

முப்பத்திரண்டு வருடம் ஒன்றாக வாழ்ந்த மனைவியை, திரையில் புரியாத ஒரு பையைப் பார்ப்பதுபோல அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குச் சொல்லேல்லையே" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது.

"இரகசிய வாக்கெடுப்பு எண்டு நீங்கள்தானே எல்லாருக்கும் சொல்லுறனீங்கள்."

அவர் கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். இரண்டு துண்டுகளைக் கடதாசிக்கான வாளியிலும் மற்ற இரண்டைத் தேயிலைச் சக்கைக்குள்ளும் போட்டார், ஒருவரும் எடுத்துப் பொருத்திப் பார்க்காதபடிக்கு.

புஸ்பவதி அக்கா விடவில்லை. "அது சரி, ஜூனில நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள்?"

தியாகு அண்ணை எழுந்தார். ஜன்னலைச் சாத்தினார். என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு அடுப்புக்கு மேலிருந்த புகைவிசிறியை முழு வேகத்தில் போட்டுவிட்டு, குனிந்து மனைவியின் காதுக்குள் ஏதோ சொன்னார்.