மலையடியில் உட்கார்ந்தவளும் வீடு வீடாக நடந்தவளும்

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களைத் தேடிப் போய், எவ்வளவு செலவானது, ஆஸ்பத்திரியில் நன்றாகக் கவனித்தார்களா, இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதுவது எங்கள் தொழில். சொந்தக்காரர்கள் யாரும் இந்த மூன்றையும் பொறுமையாகக் கேட்பதில்லை என்பதால் சம்பளம் கொடுத்து எங்களைக் கேட்கச் சொல்கிறார்கள். கதவைத் தட்டிக் கேள்வி கேட்டுப் பிழைக்கும் அன்பர்களே, நாய் துரத்துவதும், லோன் வசூலுக்கு வந்தவள் என்று நினைத்து வீட்டுக்காரர் பின்வாசல் வழியாக நழுவுவதும் உங்களுக்குப் புதிதில்லை. எனக்கு இவற்றோடு ரேவதியும் இருந்தாள்.

திருத்தணி வட்டாரத்துக்கு நாங்கள் இரண்டே பேர். ஆய்வு முடிந்ததும் ஒருவரை மட்டும் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். என் பெண் கல்லூரியில் படிக்கிறாள், வீட்டுக்காரருக்கு நிலையான வேலை கிடையாது. அந்த ஒருவர் நானாகத்தான் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

பூட்டிய வீடு

கே.ஜி.கண்டிகையில் முட்டி ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு அம்மாவைப் பார்க்க பஸ் பிடித்துப் போனேன். வீடு பூட்டியிருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் முருகனுக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொள்வதும், உடம்பு தேறியதும் கிருத்திகை பார்த்து மலைக்குப் போவதும் எங்கள் பக்கத்து வழக்கம். அன்று கிருத்திகை என்பதை நான்தான் மறந்துவிட்டேன். எதிர் டீக்கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அந்தம்மா மொட்ட அடிக்க மலைக்குப் போயிருக்குதுங்க. அங்க உங்க ஆபீசுப் பொண்ணு ஒண்ணு உக்காந்துகினு எல்லாத்தையும் கேட்டு எழுதிகினு இருக்குதாமே, நீங்க ஏன் வெயில்ல அலையறீங்க?"

பாவா, உட்காருங்க

அடுத்த கிருத்திகைக்கு நானே போய்ப் பார்த்தேன். சரவணப் பொய்கைப் பக்கம், மொட்டை போட்டுக் குளித்தவர்கள் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு உட்காரும் நிழலில் ரேவதி உட்கார்ந்திருந்தாள். பள்ளிப்பட்டுக்காரி, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவாள். வந்தவர்களை எல்லாம் "பாவா, உட்காருங்க", "அக்கா, தண்ணி குடிங்க" என்று உறவாக்கிக்கொண்டாள். அவர்களும் ஆஸ்பத்திரி பில்லில் தொடங்கி மாமியார் சண்டை வரைக்கும் கொட்டினார்கள். யாரோ கொடுத்த பொங்கலை வேறு தின்றுகொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

சும்மா நிற்பானேன் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து, பித்தப்பைக் கல் எடுத்துக்கொண்ட ஒருவரைப் பிடித்தேன். கேட்டதற்கெல்லாம் "ஆங்" என்றார், "இல்ல" என்றார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் எழுந்து ரேவதியிடம் போய் உட்கார்ந்துகொண்டார். போகும்போது எனக்குச் சமாதானம் வேறு: "தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. அந்தப் பொண்ணு கேட்டா வூட்டு மனுசங்க விசாரிக்கற மாதிரி கீது. நீங்க கேட்டா போலீசு விசாரிக்கற மாதிரி கீது."

எழுந்திருக்காத ஆட்கள்

மாதக் கூட்டத்தில் எங்கள் மேலதிகாரி இருவர் தாள்களையும் விரித்து வைத்தார். ரேவதியின் தாள்களில் எல்லோரும் குணமாகி, நடந்து, சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் தாள்களில் பாதிப் பேர் படுத்துக் கிடந்தார்கள். வந்த அன்றே வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்ட பெண் என்று அவளைப் புகழ்ந்தார். அவள் கூச்சத்தோடு தலையைக் குனிந்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்: "ஒரே ஊரு, ஒரே ஆஸ்பத்திரி. உங்க ஆளுங்க மட்டும் ஏம்மா எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க?"

வளர்ந்த முடி

பொதட்டூர்பேட்டையில் ஒரு நெசவாளி. இடுப்பு ஆபரேஷன் ஆகிப் பல மாதமாகியும் கட்டிலோடு கிடந்தார். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. ஆபரேஷனுக்குச் செலவில்லை, காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது. ஆனால் தறி ஓடாததால் வருமானம் நின்றுபோயிருந்தது. தலைமாட்டில் மலைச் சந்தனம் ஒரு சின்னப் பொட்டலத்தில் இருந்தது. அவருடைய முடி தோள் வரைக்கும், தாடி மார்பு வரைக்கும் வளர்ந்திருந்தது. வீட்டுக்கே ஆளை வரவழைத்து முடி வெட்டிவிடலாமே என்று அவர் மனைவியிடம் சொன்னேன். அந்தம்மா என்னை விவரம் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்: "அது முருகனுக்கு வேண்டிகின முடிங்க, வெட்டக்கூடாது. இவரு எழுந்து நடந்தாதானே மலைக்குப் போறது, போனாதானே மொட்ட அடிக்கறது?"

அந்தக் கட்டில் பக்கத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. குணமானவர்கள் மட்டும்தான் மலைக்கு வருகிறார்கள். ரேவதி பார்த்ததெல்லாம் மொட்டைத் தலைகள். முடி வளர்ந்தவர்கள் அவள் கண்ணில் படவே இல்லை. அங்கே ஒரு மனிதர் எழ முடியாமல் கிடக்கிறார், எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

அவளுக்கு வராத கேள்வி

அடுத்த கூட்டத்தில் இதை நிறுத்தி நிதானமாக, ரேவதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மலையடியில் மட்டும் கேட்டால் எந்த ஆஸ்பத்திரியும் நல்ல ஆஸ்பத்திரிதான் என்றேன். மேலதிகாரி வெகுநேரம் தாள்களைப் புரட்டினார். படுத்திருப்பவர் வீடு ஒன்றுக்குக்கூடவா போகவில்லை என்று அவளைக் கேட்டார். அவள் மெதுவாகச் சொன்னாள்: "போவேன் சார். ஆனா படுத்துகினு இருக்கறவங்கள பாத்து, இப்ப எப்படி இருக்கீங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல."

விபூதியும் சந்தனமும்

வேலை எனக்குக் கிடைத்தது. ரேவதி அரக்கோணத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போய்விட்டாள். நிரந்தரமான பிறகு முதல் வேலையாக, பழைய ஆட்களின் நிலைமையை மறுபடி எழுதி வர பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். நெசவாளி அதே கட்டிலில் இருந்தார், முடி இன்னும் நீண்டிருந்தது. தலைமாட்டில் சந்தனப் பொட்டலம் மட்டும் காலியாக இருந்தது.

பேனாவைத் திறந்து, இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அவர் மனைவி என் தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். யாரை எதிர்பார்க்கிறீர்கள் என்றேன். "எழுந்திரிக்கலன்னு எழுதிகினு போக நீங்க வந்துட்டீங்க, சரி. கிருத்திகைக்குக் கிருத்திகை மலையிலேர்ந்து விபூதியும் சந்தனமும் கொண்டாந்து, இவரு நெத்தியில பூசி, கொஞ்ச நேரம் காலப் புடிச்சி வுட்டுட்டுப் போகும் பாருங்க உங்க ஆபீசுப் பொண்ணு, ரேவதின்னு, அது ஏங்க ரெண்டு மாசமா வரல?"

வேலை எனக்கு நிரந்தரமானபோது, ரேவதி மேல் இருந்த பொறாமையும் கூடவே நிரந்தரமாகிவிட்டது.