ஷோகேஸில் இருந்த சாராயக்காரர்

குடியை விட்டவர் வீட்டு ஷோகேஸில் ஆறு போர்பன் பாட்டில் இருந்தது. ஆறும் சீல் உடைக்காதது. சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு முதல் வருஷம் பயம்தான் வந்தது. அதற்கப்புறம் எதுவுமே வரவில்லை.

போர்பன் என்பது மக்காச்சோளத்தில் காய்ச்சுகிற அமெரிக்க விஸ்கி. எனக்கு இதெல்லாம் தெரிய வேண்டிய அவசியமே கிடையாது. தலையெழுத்து, தெரிந்துகொண்டேன். இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால் கென்டக்கிப் பக்கம் சாராயம் வடித்த ஒரு மனுஷனைக் கௌரவிக்கிறோம் என்று ஒரு கம்பெனி வருஷத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் பாட்டில்களை மட்டும் இறக்கும். ஒவ்வொரு வருஷமும் லேபிளில் அவர் வாழ்க்கையில் ஒரு கட்டம். செம்புப் பானையைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு மலை தாண்டி வந்தது ஒரு வருஷம். கிணறு வெட்டியது ஒரு வருஷம். கொட்டகை தீப்பிடித்து எல்லாம் போனது மூன்றாவது வருஷம், அந்த லேபிள் மட்டும் கறுப்பு. எல்லாவற்றிலும் தொப்பி போட்ட அவர் படம். எங்கள் வீட்டில் முருகனுக்கு அடுத்தபடியாகத் தூசி தட்டித் துடைக்கப்பட்ட படம் அதுதான். துடைப்பது என் வீட்டுக்காரர். குடியை விட்ட மனுஷன் சாராயம் காய்ச்சினவனுக்குச் செய்த மரியாதையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவர் குடித்த காலத்தில் நாங்கள் ஊர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம், கிளென்ஃபீல்டில் வாடகைக்கு இருந்தோம். சுவரெல்லாம் ஈரம், ஜன்னலோரம் பூஞ்சை. அவருக்கு ஐ.டி. வேலை. எனக்கு ஊரின் மறுகோடியில், பக்குரங்காவில், ரத்தம் எடுக்கிற சென்டரில் வேலை. சும்மா சொல்லக் கூடாது, குடித்துவிட்டு அடித்தார், பாத்திரத்தை விட்டெறிந்தார் என்றெல்லாம் எதுவும் இல்லை. குடிப்பார், தூங்குவார். கேட்டால் "இன்னிக்கு ஒண்ணுமே சாப்பிடலையே" என்று சாதிப்பார். எதிரில் பாட்டில் இருக்கும்போதே சொல்வார். அந்தப் பொய்தான் எனக்கு ஆகாது.

ஒரு நாள் சாயங்காலம் ஸ்விம்மிங் பூலிலிருந்து எனக்கு போன் வந்தது. எங்கள் மகளுக்கு அப்போது எட்டு வயது. கூட்டிப்போக யாரும் வரவில்லை என்றார்கள். கூட்டிவர வேண்டியது அவர். நான் பக்குரங்காவிலிருந்து மோட்டார்வே நெரிசலில் ஊர்ந்து, பாலம் ஏறி இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது, ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு கவுண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம். வீட்டுக்கு வந்தால் அவர் சோபாவில் குறட்டை. எழுப்பினேன். "கெளம்பிக்கிட்டுதான் இருந்தேன்" என்றார்.

நான் கத்தவில்லை. "இனிமே உங்க வாயில வர்ற எதையும் நான் நம்ப மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழந்தைக்குத் தலை துவட்டப் போனேன்.

அவர் அந்த வாரமே ஒரு சர்ச் ஹாலில் கூடுகிற குழுவுக்குப் போக ஆரம்பித்தார். குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் புதன்கிழமை தோறும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவார்களாம். விட்டுவிட்டேன் என்றார். நல்லது என்றேன். எனக்கு அப்போது சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கோபமும் இல்லை. கோபம் போகும்போது மற்றதையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது போலிருக்கிறது. சமைத்தேன், வேலைக்குப் போனேன், எல்லோரிடமும் நன்றாகத்தான் பேசினேன். உள்ளே மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான்.

சரியாக ஒரு வருஷம் கழித்து, பழுப்புக் காகிதப் பையோடு வந்தார். அதுவும் அவர் தினமும் வாங்கிய அதே கிளென்ஃபீல்ட் கடைப் பை. முடிந்தது கதை என்று நினைத்தேன். சாப்பாட்டு மேஜை மேல் பெட்டியை வைத்துத் திறந்து, பாட்டிலை வெளியே எடுத்தார். "ஒரு வருஷம் ஆச்சு" என்றார்.

"அதுக்கு?"

"இது திறக்கிறதுக்கு இல்ல."

ஷோகேஸில், மகள் வாங்கிய நீச்சல் மெடலுக்குப் பக்கத்தில் வைத்தார். குழுவில் அவருக்குத் துணையாக இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி இதைக் கேட்டுவிட்டு, சுத்தப் பைத்தியக்காரத்தனம், உடனே வீட்டை விட்டு வெளியேற்று என்றாராம். அதையும் வந்து என்னிடம் சொன்னார். "அவங்க சொல்றதுல தப்பில்லையே" என்றேன். சிரித்தார், ஆனால் எடுக்கவில்லை.

மறுநாள் அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, பாட்டிலின் பின்பக்கம் சரக்கு எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே ஒரு புள்ளி வைத்தேன். சென்டரில் ரத்த ட்யூப் மேல் எழுதுகிற பேனா, தண்ணீருக்கும் போகாது, ஸ்பிரிட்டுக்கும் போகாது. சீல் இருக்கும்போது புள்ளி எதற்கு என்று கேட்கலாம். அவர் மூளைக்காரர், சீலுக்கும் வழி கண்டுபிடிப்பார் என்பது என் எண்ணம்.

அடுத்த வருஷம் அடுத்த பாட்டில். அடுத்த புள்ளி. புதன்கிழமை அவர் குழுவுக்குக் கிளம்பியதும் நான் ஷோகேஸ் முன்னால் போய் நிற்பேன். மட்டம் புள்ளியில் நிற்கும். சரி என்று போய் அரிசி களைவேன். ஹில்ஸ்பரோவில் வீடு வாங்கி, மார்ட்கேஜைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குடிவந்த பிறகும் இதுதான். ஷோகேஸை ஹாலில், நல்ல வெளிச்சம் வருகிற வடக்கு ஜன்னல் பக்கம் போட்டோம். பூமியின் இந்தத் தென்பாதியில் வெயில் வடக்கிலிருந்துதான் அடிக்கும். வெளிச்சம் எனக்கு வசதியாக இருந்தது.

தீபாவளிக்கு வருகிறவர்களுக்கு அந்த ஷோகேஸ் ஒரு சித்திரவதை. அவரோடு வேலை பார்க்கிற யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னாலேயே நிற்பார். "அண்ணை, ஒண்டை உடைப்பமே? நீங்கள் குடிக்க வேண்டாம், மணந்து பாருங்கோ" என்பார். இவர் போதையில்லாத ஜிஞ்சர் பியரை ஊற்றிக் கொடுப்பார். "உங்கட வீட்டில மனுசருக்கு விமோசனம் இல்லை" என்று அவர் என்னைப் பார்த்துச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே மூன்றாவது பாட்டில் கொஞ்சம் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

இந்த வருஷம் ஏழாவது வந்தது. லேபிளில் அந்தச் சாராயக்காரர் கிழவராகி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "கம்பெனிக்காரன் இதோட வரிசையை முடிச்சுட்டான். இனி வராது" என்றார் இவர்.

அன்றைக்கு எனக்குப் பயம் வந்தது. அவர் குடிக்காமல் இருப்பதே இந்த பாட்டிலை நம்பித்தான் என்று நான் வெகுநாளாக முடிவுகட்டி வைத்திருந்தேன். ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால் ஒரு பரிசு, சின்னப் பிள்ளைக்கு மிட்டாய் மாதிரி. மிட்டாய் தீர்ந்தால் என்ன செய்வார்? அந்தப் பயமும் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவது போலத்தான் கேட்டது.

அந்தப் புதன்கிழமை வழக்கம்போலப் போய் நின்றேன். கறுப்பு லேபிள் பாட்டிலில் மட்டம் இறங்கியிருந்தது. அதிகமில்லை, ஒரு நகத்தளவு. மூடி மேல் ஊற்றிய மெழுகு உடையவில்லை, ஆனால் மயிரிழைக்கு ஒரு கீறல்.

ஊசி என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வேறு என்ன தோன்றும்? நாள் பூராவும் ஊசியைப் பிடித்துக்கொண்டு இருக்கிறவள். மெழுகில் குத்தி, கார்க்கைத் துளைத்து, சிரிஞ்சால் உறிஞ்சினால் இப்படித்தான் கீறல் விழும். போய் என் கைப்பையைக் கொட்டிப் பார்த்தேன். நான் ஊசி எதையும் வீட்டுக்குக் கொண்டு வருவதே கிடையாது, அது தெரிந்தும் பார்த்தேன்.

அவர் வந்தார். "சாப்பிட்டியா?" என்றார். "ஆச்சு" என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார், அந்த இல்லையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மறுநாளும் அதற்கு மறுநாளும் டிபன் கட்டிக் கொடுத்தேன், துணி மடித்தேன். சென்டரில் ஒரு பாட்டிக்கு நரம்பு கிடைக்காமல் சிரமப்பட்டபோது சிரிக்கச் சிரிக்கப் பேசி எடுத்தேன். மத்தியானம் போனில் வாடகை வீடுகள் பார்த்தேன். நானும் மகளும் என்றால் இரண்டு ரூம் போதும். பிரியப்போகிறோம் என்று நினைத்தபோது நெஞ்சு அடைக்கும் என்று எதிர்பார்த்தேன். கார் பார்க்கிங் உண்டா என்றுதான் யோசித்தேன். என்ன பொம்பளை நான் என்று எனக்கே அசிங்கமாக இருந்தது.

மகளுக்கு இப்போது பதினைந்து. நீங்கள் இரண்டு பேரும் சண்டையா என்று இங்கிலீஷில் கேட்டாள். "இல்லையே, ஏன்?" என்றேன். சண்டை போட்டால்கூட நன்றாக இருக்கும் என்று, அதுவும் இங்கிலீஷில், சொல்லிவிட்டு ரூமுக்குப் போனாள்.

சனிக்கிழமை காலையில் அவளை நெட்பால் ஆட்டத்துக்கு விட்டுவிட்டு வந்தேன். ஹாலில் அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஷோகேஸ் காலி. ஏழு பாட்டிலும் பழைய துண்டு மேல் வரிசையாக நின்றன.

"மூணாவது கொறைஞ்சிருக்கு, பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"எப்ப?"

"புதன்கிழமை."

"ஏன் கேக்கல?"

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

"வெயில்" என்றார். "இந்த ஜன்னல்ல நாள் பூரா அடிக்குது. கார்க் காய்ஞ்சு மெழுகு விட்டிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா ஆவியாப் போயிருக்கு. மெழுகு விட்டத நானே போன மாசம் பாத்தேன், அப்ப மட்டம் எறங்கல. அந்தப் பக்கம் நகத்தலாம்னு நெனச்சேன். நகத்தினா நீ வேற ஏதாவது நெனப்பியோன்னு அப்படியே விட்டுட்டேன்."

"நான் என்ன நெனைக்கப் போறேன்?"

அவர் பாட்டிலைத் திருப்பினார். என் புள்ளி.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. "எப்பத்திலேருந்து தெரியும்?"

"மொதல் பாட்டில்லேருந்தே. தூசி தட்டும்போது பாத்தேன். அழுக்குன்னு நெனச்சு தேய்ச்சேன், போகல. அப்புறம்தான் உன் பேனான்னு புரிஞ்சுது." பாட்டிலைக் கீழே வைத்தார். "தொடைச்சிட்டு வைக்கும்போது பின்பக்கத்தைக் கொஞ்சம் திருப்பி, புள்ளி கண்ணாடிப் பக்கம் தெரியற மாதிரி வைப்பேன். நீ கதவத் தெறக்காமலே பாத்துக்கலாம்ல."

உண்மைதான். இத்தனை வருஷத்தில் ஒரு பாட்டிலைக்கூட நான் கையால் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்ததில்லை. அது ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"எனக்குக் காட்டவா வாங்கினீங்க?"

"பின்ன? அந்தாளு கதை எனக்குப் பிடிக்கும், அது வேற விஷயம். எரிஞ்சு போனதுக்கப்புறமும் மறுபடி கட்டினான்ல. ஆனா நான் சொன்னா நம்ப மாட்டேன்னு நீ சொல்லிட்ட. நான் சொல்லாமலே நீயா பாத்துத் தெரிஞ்சுக்கிற மாதிரி ஏதாவது வேணுமே. வருஷா வருஷம் ஒண்ணு கூடினா, இந்த வருஷமும் ஆச்சுன்னு உனக்குத் தெரியும்."

குரலில் குறையே இல்லை. கரண்ட் பில் கட்டியாச்சு என்று சொல்வது போலச் சொன்னார். எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. வாய்விட்டுத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

"இப்ப என்ன பண்றது?" என்றேன்.

"வேற கம்பெனி பாட்டில் வாங்கலாமான்னு யோசிச்சேன். வேண்டாம். இதையெல்லாம் அந்தத் தம்பிக்கே கொடுத்துரலாம், ஆசைப்பட்டான் பாவம்." முழங்காலில் கை ஊன்றி என்னை நிமிர்ந்து பார்த்தார். "இனிமே நீ என்னத்தான் பாக்கணும், வேற வழியில்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பார்த்தேன். மேல்வரிசையில் இடதுபக்கம் ஓட்டையாக இருந்தது. ஒரு பல் இல்லை.

"பல்லு எங்க?"

"எந்தப் பல்லு?" நாக்கால் தடவிப் பார்த்தார். "இதுவா? இது எடுத்து ரெண்டு வருஷமாச்சே. மொகமெல்லாம் வீங்கிக் கெடந்தேன், ஞாபகமில்லையா? நீதானே வாரம் பூரா கஞ்சி வெச்சுக் கொடுத்த."

கஞ்சி வைத்தது ஞாபகம் இருக்கிறது. நொய்யரிசி கிடைக்காமல் மிக்ஸியில் போட்டு உடைத்தது, ஒரு நாள் உப்பு கூடிப்போய் வெந்நீர் விட்டுக் கலக்கியது, ஆறட்டும் என்று தட்டு போட்டு மூடி வைத்தது, எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. யாருக்கு வைத்தேன் என்பதுதான் ஞாபகம் இல்லை.