ஈரக் கடற்கரை

சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாறிய சமயம், விருத்தாசலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் தற்காலிக பூகோள டீச்சர். எங்கள் வகுப்புச் சுவருக்கு மட்டும் அந்தச் சேதி எட்டவில்லை. அங்கே தொங்கிய துணிப் படத்தில் வெள்ளைக்காரன் காலத்து மாகாணமே இருந்தது. குண்டூரும் நம்முடையது, மலபாரும் நம்முடையது. அதெல்லாம் பிரிந்து போய்விட்டது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. பிள்ளைகளோ பரீட்சையில் மலபாரைக் கேரளாவிடமிருந்து பிடுங்கி நம்மிடமே சேர்த்து எழுதினார்கள்.

இன்ஸ்பெக்டர் வரப்போவதாகத் தகவல் வந்தது. அவர் நல்லபடியாகச் சொன்னால் என் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டில் அடுத்த பேச்சு கல்யாணம்தான். மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே வந்து காபி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு வேலைதான் வேண்டும்.

எங்கள் வீட்டில் பானையும் கூரை ஓடும் சுடுகிற சூளை உண்டு. மாவட்டத்துக்கு ஒரு பலகையாக மாநிலத்தை மண்ணிலேயே செய்து, சுட்டு, வகுப்பறைத் தரையில் சேர்த்து வைப்பது என்று இறங்கிவிட்டேன். உள் மாவட்டங்களுக்கு ஏரி மண். கடலோரம் பளிச்சென்று தெரியட்டுமே என்று, பீங்கான் பட்டறையில் வேலை பார்த்த அண்ணனிடம் வெள்ளை மண் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் சூளையைப் பிரித்தோம். சாயங்காலம் பலகைகளை வகுப்பில் அடுக்கினேன். உள் மாவட்டங்கள் அழகாகச் சேர்ந்தன. கடலோரம் மட்டும் நீண்டுபோய், எதோடும் ஒட்டாமல் நின்றது. திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே என் விரல் நுழைந்தது. கன்னியாகுமரி பாதிக்கு மேல் வெளியே கிடந்தது.

பலகைகளைச் சுமந்துவந்த அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சூளை வூட்ல பொறந்தவதானே நீ? ஏரி மண்ணு நல்லா சுருங்கும். வெள்ளை மண்ணு அவ்வளவா சுருங்காது. ரெண்டையும் ஒரே அளவுல வெட்டுனா எப்புடி சேரும்?"

தலைமை ஆசிரியை எட்டிப் பார்த்தார். "பழைய படத்தையே காட்டிடுங்க டீச்சர். எதுக்கு வம்பு?"

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "மாட்டேங்க. அது பொய்ப் படம்," என்றேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. ஆனாலும் வார்த்தையை வாபஸ் வாங்கவில்லை.

மறுபடி சுட நேரமில்லை. அப்படியானால் சுடாமலே வைப்போம் என்று தீர்மானித்தேன். காலையில் அண்ணன் ஒரு கூடை ஏரி மண்ணைப் பிசைந்து கொண்டுவந்து இறக்கினார். வெள்ளைப் பலகைகளை எடுத்துவிட்டு, பிள்ளைகளையே கடலோரத்தைக் கையால் அப்பச் சொன்னேன். அவர்களில் பலர் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை.

இன்ஸ்பெக்டர் குனிந்து கடலூரைத் தொட்டார். கட்டை விரல் உள்ளே போய்விட்டது.

"என்னம்மா, ஈரமா இருக்குது?"

நான் வாய் திறப்பதற்குள் முன்வரிசைப் பெண் சொன்னாள்: "கடலோரம் சார். ஈரமாத்தான் இருக்கும்."

தலைமை ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். பிறகு கடலோர மாவட்டங்களைச் சொல்லச் சொன்னார். சென்னையில் தொடங்கி, செங்கல்பட்டு, தென்னாற்காடு என்று கன்னியாகுமரி வரை வகுப்பே சொல்லியது. அவரவர் அப்பிய மாவட்டம் அவரவருக்கு மறக்குமா? கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டே அவர் சுவரைப் பார்த்தார். "இதை ஏங்க இன்னும் மாட்டி வச்சிருக்கீங்க?" என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டார்.

வேலை நிரந்தரமானது. கடலோரம் காய்ந்து, வெடித்து, நிலத்தை விட்டு விலகிப்போனது. அளவு பார்த்துச் சுட்டுத் தருகிறேன் என்றார் அண்ணன். வேண்டாம் என்றேன். அதன் பிறகு வந்த ஒவ்வொரு வகுப்பும் தன் கடலோரத்தைத் தானே அப்பிக்கொண்டது.

மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வந்த அன்று நான் வீட்டில் இல்லை. முழங்கை வரை சேற்றோடு ராமநாதபுரத்தில் இருந்தேன்.