நீலக் குதிரைக்கு ஒரு சாட்சி

சென்ற கிழமை எழுவைதீவுப் படகைத் தவறவிட்டேன். அடுத்த படகு வரும்வரை என்ன செய்வது? ஊர்காவற்றுறையில் ஒரு பழைய புத்தகக் கடைக்குள் நுழைந்தேன்.

முன் கண்ணாடி அலுமாரியில்... எங்கள் தீவுகளின் வரலாற்றைப் படங்களோடு சொல்லும் தடித்த புத்தகம்! சின்ன வயதில் எங்கள் வீட்டில் இருந்தது. இடம்பெயர்ந்து ஓடியபோது விட்டுவிட்டுப் போனோம். எடுத்துப் புரட்டினேன். கடற்கோட்டை, ஒல்லாந்தர் கப்பல், நெடுந்தீவுக் குதிரைகள்... அதில் ஒரு குதிரை மட்டும் நீலம். என் தங்கை பென்சிலால் தீட்டியது. எங்கள் புத்தகமேதான்!

"எந்த ஊர் நீர்?" என்றார் வயதான கடைக்காரர்.

ஏன் கேட்கிறார்? யாரிடம் போய்ச் சொல்லப் போகிறார்? முன்பின் தெரியாதவர் ஊரைக் கேட்டாலே பயந்து பொய் சொல்லப் போர்க்காலத்தில் பழகிய தலைமுறை நாங்கள்.

"மடத்துவெளி" என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன்.

"அப்ப உந்தப் புத்தகத்தை வைச்சிட்டுப் போம். அது புளியங்கூடலிலை ஒரு வீட்டிலை கிடந்தது. அந்த வீட்டு ஆக்கள் வந்தால்தான் குடுப்பன்."

"ஐயோ அண்ணை, நான் புளியங்கூடல்தான்!"

"ஓம், இப்ப அப்பிடித்தான் சொல்லுவீர்."

"இந்தக் குதிரைக்கு நீலம் அடிச்சது என்ர தங்கச்சி."

"இப்பதானே திறந்து பாத்தனீர்?"

நியாயமான சந்தேகம். லண்டனில் இருக்கும் தங்கைக்கு போன் எடுத்தேன். நான் வாயைத் திறக்குமுன் கடைக்காரர் போனைப் பறித்துக்கொண்டார்.

"தங்கச்சி, வரலாற்றுப் புத்தகத்திலை குதிரைக்கு என்ன நிறம் அடிச்சனீர்?"

"ஆர் நீங்கள்? அண்ணாவின்ர போன் உங்களிட்டை எப்பிடி வந்தது?" — டக்கென்று வைத்துவிட்டாள்.

போச்சு! அவர் புத்தகத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போன் திரும்ப அடித்தது. தங்கைதான். ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அண்ணா, நீங்கள்தானே? ஆரோ கள்ளன் உங்கட போனிலை கதைக்கிறான். எங்கட நீலக் குதிரையைப் பற்றிக் கேக்கிறான்... நான் ஒண்டுமே சொல்லேல்லை!"

கடைக்காரர் அலுமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்துத் தந்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை.

"முதலே ஊரைச் சொல்லியிருந்தால் இவ்வளவு கரைச்சல் இல்லை."

புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே வந்தேன். வாசலில் ஒருவர் கண்ணாடி அலுமாரியையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ளுக்கை ஊர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கோ" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தவர், விறுவிறுவென்று நடந்து போய்விட்டார்.