வாங்கத் தெரியாத ஜெயசெல்வி அக்கா

தேவமணி ஜெயசெல்வி அக்காவுக்குப் பதினெட்டு ரூபாய் கடன்பட்டிருந்தான். 1941-ல் பட்ட கடன். தூத்துக்குடித் துறைமுகத்துக் கூலி லைனில் வாந்திபேதி கண்டு அவன் சுருண்டு கிடந்தபோது, பக்கத்தில் படுத்தவர்களெல்லாம் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள். வாசலில் ஆப்பம் சுட்டு விற்ற விதவை ஜெயசெல்விதான் உள்ளே வந்தாள். காதில் கிடந்த கம்மலைப் பதினெட்டு ரூபாய்க்கு விற்று, மருந்துக்கும் வண்டிக்கும் கொடுத்து, பத்து நாள் கூட இருந்து அவனை எழுப்பி உட்காரவைத்தாள். இருவரும் ஒரே கோயிலுக்கு ஆராதனைக்குப் போகிறவர்கள் என்பதே பிறகு தெரிந்ததுதான்.

எழுந்த தேவமணி லேசுப்பட்டவனல்ல. உப்பு மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு, ஆடுகிற தோணிப் பலகையில் ஓடுவதற்கு அந்தக் கரையில் அவனை விட்டால் ஆள் கிடையாது. இது என் வாய்ச்சவடால் இல்லை, எந்தத் தோணிக்காரரைக் கேட்டாலும் சொல்வார். மூன்றாம் வகுப்போடு நின்றவன் மூன்றே வருஷத்தில் முப்பது பேருக்கு மேஸ்திரி. யார் தயவிலும் மேலே வந்தவனல்ல, அந்தப் பதினெட்டு ரூபாயைத் தவிர. அதுதான் அவனை முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது.

கொடுக்கப் போகாமலும் இல்லை. ஒரு கிறிஸ்துமஸ் அன்று கோயில் வாசலில், நாலு பேர் பார்க்க நீட்டினான்.

“கர்த்தருக்குன்னு செஞ்சேன். அதை உன்கிட்ட வாங்கிட்டா, அங்கன பரலோகத்துல எனக்கு என்னலே இருக்கும்?” என்று சொல்லிவிட்டு அவள் நடந்துவிட்டாள். அப்புறமும் இரண்டு தடவை போனான். அதே பதில்தான்.

பிறகு உலக யுத்தத்தில் பர்மா அரிசி நின்றது, ரேஷன் வந்தது. ஆப்பத்துக்கு அரிசி ஏது? அக்கா கடையும் போயிற்று.

உலையில் போடுமுன் வேளைக்கு ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று கலயத்தில் எடுத்துவைப்பது எங்கள் சபை வழக்கம். சனிக்கிழமைதோறும் தேவமணியின் பெண்டாட்டி வீடுவீடாய்ப் போய் அதை வாங்கி வருவாள். 1944-ல் ஒரு சனிக்கிழமை மத்தியானம், உப்பு தின்ற தோளோடு வந்து உட்கார்ந்தவனுக்குச் சோற்றுக்குக் கை எழும்பவில்லை.

“அக்கா கலயத்துல வழக்கம்போல ஏழு நாளைக்கு, ரெண்டு வேளைக்குன்னு பதினாலு பிடி இருக்கு” என்றாள் அவள். “ஆனா அடுப்புச் சாம்பல் கட்டியாக் கிடக்கு. தீ மூட்டி நாலு நாளாவது இருக்கும். காய்ச்சல் வேற. கஞ்சி கொண்டாரேன்னா வேண்டாம்ங்கா.”

“அரிசியை எடுத்தியா?”

“மனசு வரல.”

சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். உடம்பு வரமாட்டேன் என்றது. இழுத்துக்கொண்டு போனான்.

குடிசைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினான். இந்தத் தடவை யாரும் பார்க்க வேண்டியதில்லை.

“ஆப்பம் இல்லலே” என்றாள் பாயில் கிடந்தவள்.

“திங்க வரலக்கா.” கலயத்தைத் தூக்கிப் பார்த்தான். “சமைக்காம இது எப்படி நிறைஞ்சுது?”

“சமைக்காட்டா வேளை வராதாலே? வேளைக்கு ஒரு பிடி.”

“மிச்ச அரிசி?”

“ரேஷன்ல வாங்குனதே அம்புட்டுதான்.”

அவன் அடுப்பை மூட்டிக் கலயத்திலிருந்து இரண்டு பிடி அள்ளி உலையில் போட்டான்.

“ஏலே, அது கோயில் அரிசி.”

“நாளைக்கு என் வீட்டுலருந்து ஒரு மரக்கால் போகும்.”

“பெருமைதான் உனக்கு.”

“உனக்கு இல்லையாக்கும்.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கஞ்சி வெந்து ஆறியும் திரும்பவில்லை. “என்னை ஆண்டவர் பார்த்துக்கிடுவார்” என்றாள்.

“எனக்கு அவரு எப்படிக்கா வந்தாரு? ஆப்பக் கரண்டியோடல்லா வந்தாரு.” தேவமணி கஞ்சியோடு பாயோரம் உட்கார்ந்தான். சவால் விடுகிற தெம்பு அன்றைக்கு இல்லை. “என் துணியக் கழத்திக் கழுவுனியே. இருபத்தாறு வயசு ஆம்பள. வெக்கத்துலயே செத்துரலாம்னு இருந்துச்சு. பேசாம கிடந்தேன். நான் பிழைக்கச் செஞ்ச வேலை அது ஒண்ணுதான். மூட்டை தூக்குறதெல்லாம் அதுக்குக் கால் தூசி. அந்த வேலைய இப்ப நீ செய்யி.”

அவள் திரும்பினாள். கண் நனைந்திருந்தது. அவன் தலையைத் தாங்கிப் பிடிக்க, கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள்.

பிறகு அவன் மடியில் முடிந்திருந்த ரூபாயை அவிழ்த்தான். அவள் அதையும் பார்த்தாள். கோயில் வாசலில் சொன்ன பேச்சைச் சொல்லவில்லை.

“எண்ணிக் குடு” என்றாள். “இல்லன்னா பதினெட்டை எம்பதுன்னு ஊருல சொல்லிக்கிட்டுத் திரிவே.”

கரண்டிச் சூடு பட்டுத் தழும்பேறிய கை, பாயின் மேல் மெல்ல மல்லாந்து விரிந்தது. தேவமணி ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினான். பத்துக்கு மேல் கனம் தாங்காமல் கை ஒரு பக்கமாய்ச் சரிந்தது. தன் இடது கையை அடியில் கொடுத்துக்கொண்டு, பதினெட்டாவது ரூபாயை வைத்தான்.