பினாங்கு மணியும் இராயபுரத்துக் கட்டிலும்

சென்ற வாரம் என் மகன் ஒரு வண்ண விளம்பரத்தைக் கைப்பேசியில் அனுப்பியிருந்தான். பேத்தி மெல்போர்னில் குடியேறவிருக்கும் மாணவர் விடுதியாம். உடற்பயிற்சிக்கூடம் உண்டு, சிறு திரையரங்கு உண்டு, நாய்களைக் குளிப்பாட்டத் தனி அறையும் உண்டு. படிப்பதற்கு எங்கேனும் இடம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடினேன். அதற்குள் அவனே அழைத்துவிட்டான். "அப்பா, பிள்ளை ரூமுக்குள்ள போக நல்ல நேரம் பாத்துச் சொல்லுங்க. அந்த ஊர் டைமுக்குப் பாக்கணுமா, நம்ம ஊர் டைமுக்கா?"

நண்பரே, இந்த வினாவை எவரேனும் என்னிடம், நான் மாணவனாக இருந்த அறுபதுகளில் கேட்டிருக்கலாம்.

நான் பினாங்கில் பிறந்தவன். தமிழ் பயிலத் தாய்நாட்டுக்குச் செல்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு கப்பலேறிய எனக்கு அந்தத் தாய்நாடு முற்றிலும் அயல்நாடே. நான் அறிந்திருந்தது பதிகங்களில் கண்ட நாட்டை. ஒற்றியூரில் அலைகள் சங்கையும் முத்தையும் கரையில் கொணர்ந்து குவிக்கும் என்று மனப்பாடம் செய்திருந்தேன். துறைமுகத்தில் இறங்கியபோது கடல் இருந்தது. பதிகத்துக் கடல் இல்லை. நிலக்கரித் தூளும், டீசல் படலமும், அவற்றையெல்லாம் வென்று மேலெழுந்து நின்ற கருவாட்டு வாடையும் என்னை வரவேற்றன. திருநீற்றுப் பையை மூக்கருகே பிடித்துக்கொண்டு நடந்த அந்த இளைஞனை இன்று நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

எனக்கு இடம் ஏற்பாடாகியிருந்தது இராயபுரத்தில், கடல்கடந்து வரும் மாணவர்க்கென ஒரு வணிகர் நடத்திய சைவ விடுதியில். அதில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு கட்டில். அதைத் தவறவிட்டால் புலால் நாறாத சமையற்கட்டு அவ்வட்டாரத்திலேயே இல்லை என்று விடுதிக் காப்பாளர் கடிதத்தில் எச்சரித்திருந்தார். நெற்றி நிறைய நீறும் வாய் நிறைய 'சிவசிவ'வுமாக விளங்கிய அப்பெரியவரை அடியார் திருக்கூட்டத்தில் எஞ்சியவர் என்றே நம்பினேன். மனிதரை நெற்றியைக் கொண்டு அளக்கும் மடமை எனக்கு நெடுங்காலம் இருந்தது.

என் தந்தையார் பஞ்சாங்கம் பார்த்து ஒரு தாளில் எழுதித் தந்திருந்தார்: 'வியாழன். இராகு காலம் ஒன்றரை முதல் மூன்று. மூன்றரைக்கு வலக்கால் வைத்து நுழைக.' நான் வாயிலை அடைந்தபோது கைக்கடிகாரம் சரியாக ஒன்றரை காட்டியது. இராகு காலத்தின் தொடக்கம். படியில் கால் வைப்பேனா?

"உள்ள வந்து ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க தம்பி" என்றார் காப்பாளர். காரணத்தைச் சொன்னேன். அவர் மெய்சிலிர்த்தவர் போலக் கண்களை மூடினார். "அடடா, இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா. நேரம் பாத்தே வாங்க. கட்டில் எங்க போயிடப் போகுது?"

தெருவோரத்தில் தகரப்பெட்டியின்மேல் அமர்ந்தேன். என்னை ஏற்றிவந்த கைரிக்ஷாக்காரர் அந்தோணி எதிர்நிழலில் ஒதுங்கினார். "இன்னா நைனா, வூட்டுக்குள்ள போவாம பொட்டி மேல குந்திகினு கீற?" என்றார். இத்தகையோர்க்கு விளக்கி என்ன பயன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் கடிகாரம் இரண்டைத் தொட்டபோது அருகிலிருந்த பட்டறையின் சங்கு ஊதியது. தொழிலாளர்கள் தூக்குச்சட்டிகளுடன் வெளியே வந்து உண்ண அமர்ந்தனர். இரண்டு மணிக்கு நண்பகலுணவு கொள்ளும் இந்நகரத்தின் ஒழுங்கின்மையை எண்ணி வருந்தி, உள்ளுக்குள் ஒரு பதிகத்தைத் தொடங்கினேன். அதனிடையே ஒருவர் தோல்பெட்டியுடன் விடுதிக்குள் நுழைந்தார். நான் பாட்டை நிறுத்தவில்லை.

மூன்றரைக்கு எழுந்தேன். வலக்காலை வைத்தேன். என் கட்டிலில் தோல்பெட்டிக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

காப்பாளர் சற்றும் கலங்கவில்லை. "நீங்க நேரம் கேட்டீங்க, குடுத்தேன். அவர் கட்டில் கேட்டார், குடுத்தேன். சிவசிவ." வந்தவர் அவ்வணிகருடைய உறவினரின் மகன் என்பதும், நான் வாயிலிலேயே நின்றது அவர்களுக்கு எத்தனை வசதியாயிற்று என்பதும் பின்னர் தெரியவந்தன.

வெளியே வந்தேன். அந்தோணி என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பிறகு பட்டறைச் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "மூன்றயா? இப்பதான் ஒன்ற ஆவுது. நீ எறங்கிட்ட நைனா, உன் வாட்ச்சு இன்னும் எறங்கல."

கப்பலில் அன்றாடம் மணியைத் திருத்தி அறிவித்தார்கள், நான் திருத்தவில்லை. வீட்டில் அம்மா விளக்கேற்றும் வேளையில் நானும் பாட வேண்டும் என்று பினாங்கு மணியையே விடாமல் வைத்திருந்தேன். அந்த இரண்டு மணி நேர வேறுபாட்டை மறந்தே போனேன். தூய நல்ல வேளையில் வாயிலை அடைந்து, அதனை முழுவதும் தெருவில் வீணாக்கி, மெய்யான இராகு காலம் பிறந்த நொடியில் வலக்காலை வைத்திருக்கிறேன். பகைவன் கூட இவ்வளவு துல்லியமாகக் கணித்துத் தந்திருக்க முடியாது.

அன்று என்னைத் தெருவில் விடாதவர் அந்தோணிதான். கடற்கரையோரம் இருந்த தம் தமக்கை லூர்தம்மாளின் மாடியறைக்கு இழுத்துச் சென்றார். கணவர் துறைமுகத்தில் பளு தூக்கும் எந்திரம் இயக்குபவர். கூடத்தில் மாதா படம். மாடியெங்கும் பாய் விரித்துக் கருவாடு. ஒரு வாரத்தில் வேறிடம் பார்ப்பதாக நான் கூறியது, ஏதோ அவருக்குச் சலுகை அளிப்பது போன்ற தொனியில். "பாரு, யார் வேணாங்குறா" என்றார் லூர்தம்மாள்.

மூன்றாண்டுகள் அங்கேயே இருந்தேன். நானே பொங்கித் தின்றேன். திங்கட்கிழமைகளிலும் பிரதோஷ நாள்களிலும் வாடை அறவே இல்லாதிருப்பதை எட்டாம் மாதத்தில்தான் கவனித்தேன். என் பாடலுக்கு இறைவன் காட்டும் அருங்குறிப்பு என்று முடிவும் செய்தேன். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண்மணி, அந்நாள்களிலெல்லாம் தம் மாடியை இவர்களுடைய கருவாட்டுப் பாய்கள் அடைத்துக்கொள்வதாகச் சண்டைக்கு வந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. மாதா கோயில் நாட்காட்டியில் என் பிரதோஷங்கள் பென்சிலால் வட்டமிடப்பட்டிருந்தன. ஏன் என்று லூர்தம்மாளைக் கேட்டேன்.

"நீ பாட்டு பாட்ற நாளாச்சே. வாட அடிச்சா தொண்ட கட்டிக்குமேன்னு எட்த்து வெச்சேன். அதுக்கு இன்னா இப்போ?"

சைவம் பேசிய விடுதியில் எனக்கு இடமில்லை. என் சைவத்துக்காகக் கருவாட்டைத் தூக்கிச் சுமந்தது ஒரு மாதாகோயில் குடும்பம். அதுவரை பிடிவாதமாகப் பினாங்கு மணியிலேயே ஓடவிட்டிருந்த கடிகாரத்தை அன்றுதான் இந்த ஊர் மணிக்குத் திருப்பி வைத்தேன்.

மகனுக்கு விடையளித்தேன்: கதவைத் திறந்ததும் நுழையச் சொல்.

அந்த விடுதி இப்போது குளிரூட்டிய திருமண மண்டபம். முகப்பில் நீறணிந்த காப்பாளரின் படம் மாலையுடன் தொங்குகிறது. கைரிக்ஷாக்கள் ஒழிந்தன, பட்டறைச் சங்கும் ஓய்ந்தது. லூர்தம்மாளின் வீடிருந்த வரிசை முழுவதையும் இடித்து, கொள்கலன் லாரிகளுக்குச் சாலை போட்டு, அதற்கு வளர்ச்சி என்று பெயரும் வைத்தாயிற்று. ஒற்றியூருக்குச் செல்லும் பிரதோஷ நாள்களில் அவ்விடத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். பிரதோஷம் என்றில்லை, எந்த நாளிலும் அங்கே இப்போது கருவாட்டு வாடை இல்லை.