கணினி காட்டிக்கொடுத்த சாம்பார்

எங்கள் வீட்டுக் கணினிக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி, வெட்கம் கம்மி. பழுது பார்க்க வந்தவர் எதைத் தட்டிவிட்டுப் போனாரோ, அன்றிலிருந்து முந்தின நாள் மூடாமல் விட்டதையெல்லாம் மறுநாள் போட்டவுடன் அதுவே திறந்து வைத்துக்கொண்டு நிற்கும். வினாத்தாள், பாட்டு, பாதி பார்த்த புடவைக் கடை எல்லாம் விட்ட இடத்திலேயே இருக்கும். எனக்கு அது சௌகரியம். என் கணவருக்கு இந்தச் சங்கதியே தெரியாது என்று நினைத்திருந்தேன். சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்து போகிற ரகம் அவர். "கரண்டே இல்லன்னா அதுல இன்னா இருக்கும்?" என்பார்.

திருப்போரூரில் எங்கள் வீடு. அவருக்கு மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலுக்குக் காய்கறி, மளிகை வாங்கிப் போடுகிற வேலை. நாள் முழுக்கச் சமையல்காரர்களோடு மல்லுக்கட்டுகிற மனிதருக்கு வீட்டில் வெந்நீர் வைக்கத் தெரியாது. நான் உள்ளூர்ப் பள்ளியில் ஆசிரியை. மகள் படிக்க வெளியூர் போய்விட்டதால் வீட்டில் நாங்கள் இருவர்தான்.

அந்த நேரம் பார்த்து எனக்குத் தலைமை ஆசிரியை பதவி உயர்வு வந்தது. பள்ளி படாளத்துக்குப் பக்கம். செங்கல்பட்டில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். விடியும்போது கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. சேருகிறேனா இல்லையா என்று வெள்ளிக்கிழமை செங்கல்பட்டுக் கல்வி அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். இருபது வருஷமாக அடுத்தவர் போட்ட கால அட்டவணைப்படி ஓடியவளுக்கு, ஒரு தடவையாவது தானே போட்டுப் பார்க்க ஆசை இருக்காதா?

"இந்த வயசுல இதெல்லாம் தேவயா? நீ போய்ட்டா வூட்ட யாரு பாக்கறது?" என்றார், ஞாயிற்றுக்கிழமை.

"வூடு எங்கயும் ஓடிடாதுங்க. சோறு யாரு போடுவான்னு நேராவே கேளுங்களேன்."

"சரி. அதத்தான் கேக்கறேன்."

அதோடு பேச்சு நின்றது. சாப்பாடு தயார் என்பதைக்கூட நான் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலை வினாத்தாள் அச்செடுக்கக் கணினியைப் போட்டேன். வினாத்தாளை மறைத்துக்கொண்டு ஒரு வீடியோ வந்து நின்றது: முதல்முறை சமைப்பவர்களுக்கான சாம்பார். பருப்பு பாதி வெந்த இடத்தில் நின்றிருந்தது. சத்தியமாக நான் சாம்பாருக்கு வீடியோ பார்த்தவள் இல்லை. முதலில் சிரிப்பு வந்தது, பின்னாலேயே கோபமும் வந்தது. ஓஹோ, நீ இல்லாவிட்டால் எனக்கு ஓடாதா என்று காட்டுகிறாராக்கும் என்று நினைத்தேன்.

புதன்கிழமை போட்டபோது சாதம் குழையாமல் வடிப்பது எப்படி என்று இன்னொரு வீடியோ. அதன் பக்கத்திலேயே செங்கல்பட்டிலிருந்து படாளம் வழியாகப் போகும் பஸ்களின் நேரம். பஸ் நேரத்தைப் பார்த்ததும் என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவரே சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். வீம்பில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை.

வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்தால், அவர் எனக்கு முன்னால் வந்து சமையலறையில் நிற்கிறார். கடுகு அடுப்பில் பாதி, தரையில் பாதி. முகம் கழுவிவிட்டு வருவதற்குள் தட்டு வைத்துவிட்டார்.

"எப்டி கீது?"

"புளி ஜாஸ்தி. நெல்லிக்கா அளவு போதும்னு அந்த வீடியோவுலயே சொன்னாங்களே."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் அசரவே இல்லை.

"நீ பாத்திருப்பன்னு தெரியும். திங்கக்கெழம மேட்ச் பாக்கலாம்னு போட்டேன். நீ பாத்தது தானா வந்து நின்னுச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சண்டை போட்ட சூட்டில் நான் தேடிய பக்கம் அது. பதவி உயர்வை இந்தத் தடவை வேண்டாமென்று சொன்னால் மறுபடி தருவார்களா என்று கேட்டிருந்தேன். வேண்டாமென்று சொல்லிவிட முக்கால்வாசி துணிந்திருந்தேன்.

"எனுக்கு சோறு போடறதுக்காக நீ அந்த ஹெச்.எம். வேலய வுடப் பாத்தியே, அது எனுக்கு ஒரு மாரி ஆயிடுச்சு," என்றார். "அதான் நானே சோறு, கொழம்பு வெக்க முடியுதான்னு பாத்துகினு இருந்தேன். சொல்லிட்டு சொதப்பிட்டா நீ மறுபடி வாணாம்னுடுவ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. புளி என்று சாக்குச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டேன்.

மறுநாள் வண்டியில் அவரே என்னைச் செங்கல்பட்டு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, என்னை விட்டு இவரை நிமிர்ந்து பார்த்தார். "ரொம்ப தூரமாச்சே சார். உங்களுக்கு சம்மதந்தானா?"

"ஹெச்.எம். அவங்க சார்," என்றார் என் கணவர். "அவங்களக் கேளுங்க."

என்னை அவர் 'அவங்க' என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. "எனக்குச் சம்மதம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.